காப்பகத்தைப் பூட்டாமல் பொறுப்பை மாற்றுவது: நீதிமன்ற ரிசீவர் என்பவர் யார்?

ஏற்காடு மலைச்சரிவில், அறிவுசார் குறைபாடு உடைய முப்பது பேர் தங்கியிருக்கும் காப்பகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைதான். நிறுவியவர் காலமாகிவிட்டார். அறங்காவலர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, வங்கிக் காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்று வழக்காடுகிறார்கள். பணியாளர்களுக்குச் சம்பளம் பாக்கி. இரவுப் பணிக்கு இருந்த இரண்டு ஆயாக்களில் ஒருவர் நின்றுவிட்டார். வலிப்பு மாத்திரை கடனுக்கு வாங்கப்படுகிறது. பொங்கலுக்குத் தம்பியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அக்கா, அவன் முதுகில் பிரம்படித் தழும்பைப் பார்த்துவிடுகிறார். கலெக்டர் அலுவலகத்துக்குப் புகார் போகிறது.

இதற்குப் பின் நம் ஊரில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அல்லது செய்தி பத்திரிகையில் வந்துவிட்டால், மறுநாள் காலையில் அதிகாரிகள் வேனுடன் வந்து, உள்ளே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு, கதவுக்குச் சீல் வைத்துவிடுவார்கள். முதல் வழியில் அடி தொடர்கிறது. இரண்டாவதில் அடி நின்றுவிடும். ஆனால் பதினைந்து ஆண்டுகளாக ஒரே கட்டிலில் படுத்து, ஒரே ஆயா கையால் சாப்பிட்டுப் பழகிய ஒருவர் அன்றிரவு முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கண் விழித்திருப்பார். வாயால் சொல்லத் தெரியாதவருக்கு எந்த மாத்திரை, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்த ஆயாவின் தலைக்குள் இருந்த தகவல். அது வேனில் ஏறாது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. இல்லம் இருந்த இடத்தில் இருக்கட்டும், அதில் வாழ்பவர்கள் அங்கேயே இருக்கட்டும், நடத்துபவர் மட்டும் மாறட்டும் என்பது அந்த வழி. நீதிமன்றம் ஒருவரை நியமித்து, சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் அவரிடம் ஒப்படைக்கச் சொல்லும். அவர்தான் ரிசீவர்.

கோயில் நிர்வாகம் பற்றிப் படித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அறங்காவலர் குழு இல்லாத கோயிலுக்கு அறநிலையத் துறை தக்கார் ஒருவரை நியமிக்கிறது அல்லவா? தக்கார் வந்ததற்காக ஆறுகாலப் பூசை நிற்பதில்லை. உண்டியல் பணம் அவருடைய சொந்தப் பணமும் ஆவதில்லை. ரிசீவரின் இடமும் ஏறக்குறைய அதுவே. ஒரு பெரிய வித்தியாசம், ரிசீவரை நியமிப்பது அரசுத் துறை இல்லை, நீதிமன்றம். அவர் வாதிக்கும் ஆள் இல்லை, பிரதிவாதிக்கும் ஆள் இல்லை. நீதிமன்றத்தின் அலுவலர். அவர் கையில் இருக்கும் சொத்து நீதிமன்றத்தின் கையில் இருப்பதாகவே சட்டம் கருதுகிறது. அவர் வேலையில் குறுக்கிட்டால் அது நீதிமன்ற அவமதிப்பு. அவர்மீது வழக்குப் போட வேண்டுமானால்கூட முதலில் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

சட்டத்தில் இதற்கான இடம் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 40. "நியாயமும் வசதியும்" என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், தீர்ப்புக்கு முன்போ பின்போ ஒரு சொத்துக்கு ரிசீவரை நியமிக்கலாம்; அதை வைத்திருப்பவரை விலக்கலாம்; நிர்வாகம், பாதுகாப்பு, வாடகை வசூல், வழக்கு நடத்துவது ஆகிய அதிகாரங்களைக் கொடுக்கலாம். சொத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த விதி எழுதப்பட்டது நிலத்துக்கும் வீட்டுக்கும் வியாபாரத்துக்கும். ஏற்காட்டில் அண்ணன் தம்பிகள் ஒரு காப்பித் தோட்டத்துக்காகப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றால், தீர்ப்பு வரும்வரை பழம் செடியில் காத்திருக்காது. பறிக்க வேண்டும், ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், விற்ற பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். அதற்குத்தான் ரிசீவர். மனிதர்கள் வாழும் இல்லத்துக்கு அதே விதியை எடுத்துவரும்போது சில இடங்களில் அது இறுக்கிப் பிடிக்கும், சில இடங்களில் தொளதொளக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கேட்டவுடன் கிடைக்கும் நிவாரணம் இல்லை இது. எதிர்த்தரப்பின் வாயையும் கையையும் ஒரே நேரத்தில் கட்டிவிடுகிற உத்தரவு என்பதால் நீதிபதிகள் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். இதற்கான அளவுகோலை வகுத்துத் தந்தது நம் சென்னை உயர் நீதிமன்றமே. கிருஷ்ணசாமி செட்டி எதிர் தங்கவேலு செட்டி என்ற 1955ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. அதில் சொன்ன ஐந்து நெறிகள் 'பஞ்ச சதாசாரம்' என்ற பெயரில் இன்றும் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுகின்றன. ரிசீவர் நியமனம் நீதிமன்றத்தின் விருப்புரிமை; அதற்காக மனம்போன போக்கில் செய்யக்கூடாது. கேட்பவருக்கு வழக்கில் வெல்லும் வாய்ப்பு பார்த்த மாத்திரத்தில் வலுவாகத் தெரிய வேண்டும். உடனே கை வைக்காவிட்டால் சேதம் என்ற அவசரம் இருக்க வேண்டும். நடைமுறையில் சொத்தை வைத்திருப்பவரை வெளியேற்றி, திருத்த முடியாத தீங்கு செய்வதாக ஆகிவிடக்கூடாது. கேட்பவரின் நடத்தை சுத்தமாக இருக்க வேண்டும். காப்பக வழக்கில் மூன்றாவது நெறிதான் உயிர். செடியில் அழுகும் காப்பிப் பழத்துக்கே அவசரம் உண்டென்றால், மாத்திரை தவறிய வலிப்பு நோயாளிக்கு எவ்வளவு அவசரம் என்பதை எந்த நீதிபதிக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மனுவில் அதை எழுதினால்தான் அவர் படிக்க முடியும். "நிர்வாகச் சீர்கேடு" என்று பொத்தாம் பொதுவாக எழுதிய மனுக்கள் தோற்பதற்கும், "இன்ன தேதியிலிருந்து இரவுப் பணிக்கு ஒரே ஆள், மருந்துப் பதிவேட்டில் இன்ன வாரம் வெற்று" என்று எழுதியவை நிற்பதற்கும் காரணம் இதுவே.

நியமனம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்படுவார். முதல் நாள் அவர் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய் என்ன செய்ய வேண்டும்? சொத்துச் சட்டப் பழக்கம் உள்ளவர் கட்டில், மெத்தை, அலமாரி என்று பட்டியல் எடுக்கத் தொடங்குவார். அது விதிப்படி தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் ஆட்களை எண்ண வேண்டும். யார் யார், என்ன வயது, குடும்பம் எங்கே, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை யாரிடம், என்ன மருந்து, அடுத்த வேளை மருந்து கையிருப்பில் உண்டா. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பிறகு சமையலறை: நாளைக்கு அரிசி இருக்கிறதா? பிறகு பணியாளர்கள்: இன்றிரவு யார் இருப்பார்கள்? பாக்கிச் சம்பளத்தில் ஒரு பகுதியாவது கொடுத்து, நல்லவர்களைத் தக்கவைப்பது ரிசீவரின் முதல் வாரத்து வேலைகளில் மிகப் பெரியது. அடித்தவர் யார் என்பது விசாரணையில் இருந்தால், அவரை இல்லவாசிகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். இதில் பாதி வேலை வழக்கறிஞர் படிப்பில் வராது. ஆகவே சிறப்பு ஆசிரியர் ஒருவரையும் செவிலியர் ஒருவரையும் உடன் அமர்த்திக்கொள்ளும் அதிகாரத்தை நியமன உத்தரவிலேயே கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனி வழக்கறிஞர் ஒருவர் வாரம் ஒருமுறை மலை ஏறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினால், அது பூட்டு இல்லாமலே இல்லத்தைப் பூட்டியது போலத்தான்.

ரிசீவரைக் கட்டுப்படுத்தவும் விதி இருக்கிறது. அவர் பிணை கொடுக்க வேண்டும், நீதிமன்றம் சொல்லும் கால இடைவெளியில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வேண்டுமென்றே செய்த தவறாலோ பெரும் அலட்சியத்தாலோ சொத்துக்கு நட்டம் வந்தால் அவரே பொறுப்பு. கணக்குக் காட்டாவிட்டால் அவர் சொந்தச் சொத்தையே ஜப்தி செய்யலாம். ஊதியத்தை நீதிமன்றம் நிர்ணயிக்கும். கட்டடம் வேறொருவருடையது, காப்பகம் குத்தகைக்குத்தான் இருக்கிறது என்றால், வழக்கில் உள்ளவர்களுக்கே அந்த உரிமையாளரை வெளியேற்றும் உரிமை இல்லாதபோது ரிசீவரை வைத்தும் வெளியேற்ற முடியாது. எஸ்டேட் பங்களாவை வாடகைக்கு எடுத்து நடத்தும் இல்லங்களுக்கு இது முக்கியம்: குத்தகை முடியும் தேதியை முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

பெற்றோர் அதிகமாகக் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ரிசீவர் வேறு, சட்டப்பூர்வ பாதுகாவலர் வேறு. ரிசீவருக்குக் கிடைப்பது இல்லத்தின் நிர்வாகம். இல்லத்தில் வாழும் மனிதர்கள் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள்கள் இல்லை. ஒருவருக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா, அவர் எங்கே வாழ வேண்டும், அவர் பெயரில் வரும் பராமரிப்பு உதவித்தொகையை என்ன செய்வது என்பதை ரிசீவர் தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். அந்தப் பாதுகாவலரும் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்ற கருத்தைக் கொண்டுவந்தது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு சேர்ந்து, அவர் விருப்பத்தை ஒட்டி முடிவெடுப்பது.

பொறுப்பில் வைத்திருப்பவருக்கு உடம்பின்மேல் உரிமை வந்துவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் தெளிவாக்கியது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு உடைய ஒரு பெண் பாலியல் வன்முறையால் கருவுற்றிருந்தார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தை வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். அவர் சம்மதமில்லாமல் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. அரசே பாதுகாவலராக இருந்த இடத்தில் இந்த நிலை என்றால், ரிசீவரின் எல்லை எங்கே முடிகிறது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறையைக் காப்பகங்களுக்கு விரிவாகப் பயன்படுத்திய நாடு அமெரிக்கா. அங்குப் பல மாநிலங்களில் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே தனி ரிசீவர் சட்டங்கள் உண்டு. உரிமம் ரத்தானாலும், இல்லவாசிகளுக்கு உடனடி ஆபத்து என்றாலும், நடத்துபவர் திவாலாகிக் கைவிட்டாலும் அரசுத் துறையோ அட்டர்னி ஜெனரலோ நீதிமன்றத்தை அணுகலாம். முடிவு மூன்றில் ஒன்று: குறை தீர்ந்து பழைய நிர்வாகத்திடம் திரும்புவது, புதிய நிறுவனத்துக்கு மாற்றுவது, அல்லது ஒவ்வொருவருக்கும் இடம் பார்த்து நிதானமாக மூடுவது.

அலபாமா மாநிலத்தின் வழக்கு விசித்திரமானது. மனநல மருத்துவமனை ஒன்றின் நிலை குறித்து 1970இல் தொடங்கிய வையட் வழக்கு, பார்ட்லோ என்ற அறிவுசார் குறைபாடு உடையோருக்கான பெரிய அரசு நிறுவனத்துக்கும் விரிந்தது. நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் குறைந்தபட்சத் தரங்களை வகுத்தார். ஆண்டுகள் ஓடியும் அவை நிறைவேறாததால், 1979–80இல் மாநிலத்தின் மனநலத் துறை முழுவதையும் ரிசீவர் பொறுப்பில் வைத்தார். ரிசீவர் யார் தெரியுமா? மாநில ஆளுநர் ஃபாப் ஜேம்ஸ். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சருக்கு இணையான, மக்கள் தேர்ந்தெடுத்த பதவி. நிதி ஒதுக்கீட்டில் கை உள்ளவரையே நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வைத்த உத்தி அது. வழக்கு 2003இல்தான் முடிந்தது.

வாஷிங்டன் நகரில் கதை வேறு மாதிரி. ஃபாரஸ்ட் ஹேவன் என்ற, அறிவுசார் குறைபாடு உடையோருக்கான நிறுவனத்தில் நடந்த கொடுமைகளுக்காக 1976இல் வழக்கு தொடரப்பட்டது. 1991இல் அந்த நிறுவனம் மூடப்பட்டு, அதில் இருந்தவர்கள் நகரத்தின் சிறு சிறு குழு இல்லங்களுக்குப் போனார்கள். ஆனால் புதிய இல்லங்களிலும் கவனிப்புக் குறைகள் தொடர்ந்தன. நகர நிர்வாகம் கடமை தவறியது என்று 2007இல் கண்ட பின்பும், ரிசீவர் வேண்டும் என்ற கோரிக்கைக்கு நீதிமன்றம் இசையவில்லை. மேற்பார்வைக்குத் தனி நிர்வாகி ஒருவரை வைப்பதோடு நின்றது. வழக்கு 2017இல் முடிந்தது. ரிசீவர் என்பது கடைசி ஆயுதம் என்பதை நீதிபதிகள் எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தக் கூடாது. 52ஆவது பிரிவு அந்தச் சான்றிதழை ரத்து செய்வது பற்றியது. ரத்தானால் நிறுவனம் இயங்குவதை நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பவர்களைப் பெற்றோர், துணைவர், பாதுகாவலரிடம் ஒப்படைக்கலாம் அல்லது வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். அவ்வளவுதான். இடையில் புகுந்து நடத்து என்று அந்தப் பிரிவு யாருக்கும் சொல்லவில்லை. மேல்முறையீடு நடக்கும் காலத்தில் நிறுவனம் பழைய கைகளிலேயே தொடரும். பதிவே இல்லாத இடமென்றால் ரத்து செய்யவும் ஒன்றும் இல்லை; சீல்தான்.

இதன் விலையைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். ஒரே வாரத்தில் அந்த வகை இல்லங்கள் எல்லாம் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தனர். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் பதிவில்லாத ஓர் ஆசிரமம் சீல் வைக்கப்பட்டபோதும், நூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்கும் வேறு இல்லங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். (மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய்க்கு 2017ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் உண்டு. ஆனால் வேன் ஒன்றுதான்.) அந்த இடங்களை மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. சங்கிலி இருந்த இடத்தில் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. குற்றம் ஓர் இருவர்மீது, மற்றபடி இல்லம் நல்லது என்கிற இடங்களுக்கும் அதே மருந்தைக் கொடுப்பதுதான் கோளாறு.

சட்டம் நேரடியாகச் சொல்லாத வழியைச் சுற்றிப் போய்ப் பிடிக்க வேண்டியிருக்கிறது. காப்பகம் பொது அறக்கட்டளை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் வழக்குத் தொடரலாம்; அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவரோ நீதிமன்ற அனுமதி பெற்றுத் தொடரலாம். அறங்காவலரை நீக்க, புதியவரை நியமிக்க, கணக்குக் கேட்க, நிர்வாகத் திட்டம் வகுக்கக் கோரலாம். சேலத்துக்காரர்களுக்கு இது அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கும். அந்த வழக்குக்குள் இடைக்கால மனுவாக ரிசீவரைக் கேட்க வேண்டும். இல்லவாசியின் பெற்றோருக்கு அக்கறை உள்ளவர் என்ற தகுதி உண்டு என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஒரே குடும்பம் தனியே போவதைவிட இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவது விதிக்கும் பொருந்தும், வழக்கின் பலத்துக்கும் பொருந்தும். காப்பகம் சங்கமாகப் பதிவானது என்றால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் நிர்வாகக் குழுவை விலக்கித் தனி அலுவலரை நியமிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. இரண்டும் பொருந்தாதபோது, அல்லது அரசே கடமை தவறியபோது, அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

அடி விழுந்துகொண்டிருக்கிறது என்றால் இதில் எதற்கும் காத்திருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் (ஆர்.டி.ஓ., தாசில்தார் போன்ற அதிகாரி) தகவல் கொடுக்கலாம். அவர் உடனே தடுத்து, பாதுகாப்புக்கு உத்தரவிட வேண்டும். தன் பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ தண்ணீரோ மறுப்பதுகூட அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். குற்ற வழக்கு ஒரு பாதையிலும் ரிசீவர் மனு இன்னொரு பாதையிலும் சேர்ந்தே ஓடலாம். ரிசீவர் வந்துவிட்டார் என்பதால் யாரும் குற்றவாளி ஆவதுமில்லை, விடுபடுவதுமில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம். அமெரிக்காவில் மெடிகெய்ட் என்ற அரசுத் திட்டம் தகுதி உள்ள ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவைத் தருகிறது. நடத்துபவர் மாறினாலும் அந்த வரவு தொடரும், ரிசீவர் அதை வைத்து இல்லத்தை ஓட்டுவார். நம் காப்பகங்கள் பலவும் நன்கொடையிலும் குடும்பங்கள் கட்டும் தொகையிலும் ஓடுபவை. பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடும் சேலத்துக் கடைக்காரர், பத்திரிகையில் செய்தி பார்த்த மறுநாளே வேறு இல்லத்துக்குப் போய்விடுவார். காலிக் கல்லாவோடு ரிசீவரால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே ரிசீவர் கேட்கும் மனுவிலேயே, அரசு மானியம் நிலுவை இருந்தால் அதை ரிசீவர் பெயருக்கு விடுவிக்கவும், முடக்கிய வங்கிக் கணக்கைச் சம்பளம், உணவு, மருந்து ஆகியவற்றுக்கு மட்டும் திறந்துவிடவும் சேர்த்தே கேட்க வேண்டும். பிறகு தனி மனுப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் பிறகுக்குள் ஆயாக்கள் அடிவாரம் இறங்கியிருப்பார்கள்.

வழக்குச் செலவுக்குப் பயந்து பின்வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுவை இல்லவாசியின் பெயரில் கொடுக்க வேண்டும். பெற்றோர் பெயரில் கொடுத்தால் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கக்கூடும். கூடவே இல்லத்தின் பதிவுச் சான்றிதழ் நகல், கட்டிய தொகைக்கான ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், தழும்பைப் பார்த்த அன்றே அரசு மருத்துவமனையில் எழுதி வாங்கிய காயச் சான்று ஆகியவை இருந்தால், வழக்கறிஞர் அன்றைக்கே மனு எழுத உட்காரலாம்.